மலையைச் சுற்றி வந்த பதில்

எனக்குப் பொறுமை கம்மி. அம்மா சொல்லியிருக்கிறாள், ஆபீசில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், நானும் மறுத்ததில்லை. கேட்ட கேள்விக்கு எதிராளி வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். யார் எப்போது பேச வேண்டும், யார் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று மெஷின்களுக்கு முறை வைத்துக் கொடுக்கும் வேலை.

அண்ணாமலையார் மலையடிவாரத்தில், செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, ஒரு காபி கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வீடுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் ஃபைபர் இழுத்து இன்டர்நெட் கொடுக்கிற சின்னக் கம்பெனி. கீழே வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடித் தியானத்தில் இருப்பார்கள். நெட் அரை நிமிஷம் நின்றால் போதும், கண்ணைத் திறந்துகொண்டு மாடி ஏறி வந்துவிடுவார்கள். மெஷின் ரூமுக்கு நான் பொறுப்பு. கம்பம் ஏறி ஃபைபர் இழுப்பது, அறுந்ததை ஒட்டுவது எல்லாம் ஒரு அண்ணன். எங்களுக்கு அவர் ஃபைபர் அண்ணன்.

வீடு வேங்கிக்காலில். கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த தெருக்களில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம், அம்மாவும் நானும். எங்களுக்குப் பூர்வீகம் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பா இருந்தவரை நெல்லும் மணிலாவும், அதாவது வேர்க்கடலையும், பயிர் வைத்தோம். அவர் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, எனக்கு வேலை கிடைத்ததும் அம்மா என்னோடு வந்துவிட்டாள். என் கூடப் பிறந்த அண்ணன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான்.

சித்திரையில் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் பேச்சும் போயின. கை கொஞ்சம் திரும்பியது. பிடித்துக்கொண்டால் நடக்கிற அளவுக்குக் காலும் வந்தது. பேச்சு மட்டும் ஒற்றை ஒற்றை வார்த்தையாக வந்தது. அதுவும் சம்பந்தமில்லாமல் வந்தது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் விழிப்பாள். தூக்கம் வருகிறதா என்று கேட்டால் "ரசம்" என்பாள். ஆரம்பத்தில் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை.

பகலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துக்கொள்வார். அவருக்கும் வீடு, வாசல் இருக்கிறது, எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் வருவதற்குள் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள். எலும்பு ஒன்றும் உடையவில்லை, ஆனால் அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து இல்லம், இல்லம் என்று ஆரம்பித்துவிட்டான். அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். நர்ஸ் இருக்கிறாளாம், சக்கர நாற்காலி போகிற மாதிரி தரை இருக்கிறதாம்.

"உன் வீடு இருக்கில்லண்ணா?" என்று கேட்டேன்.

"வீட்ல யாரு பாக்கறது? ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம்."

"நானும்தான் வேலைக்குப் போறேன்."

"அதான் விழுந்துட்டாங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம் அவனே குரலைத் தணித்துக்கொண்டான். "நீ ஃபீல் பண்ணாத. அம்மாவுக்கு ஒண்ணும் புரியல. இங்க இருக்கோமா, அங்க இருக்கோமான்னு தெரியவா போகுது? அவங்களுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான்." போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா எனக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறோம்.

அம்மாவுக்குப் புரிகிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருந்தது. புரிகிறது என்றால் அவளைக் கேட்காமல் எங்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. புரியவில்லை என்றால் அண்ணன் சொல்வதுதான் நியாயம். எனக்கு இந்த ஊரில் அம்மாவை விட்டால் யாரும் கிடையாது. முப்பத்தைந்து வயதில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் நான் இங்கே நடக்கிற பேச்சுப் பயிற்சி, மருந்து, தூசி, கிளைமேட் என்று என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் சென்னையில் ஒரு நரம்பியல் டாக்டரைப் பிடித்து வீடியோவில் பார்க்க ஏற்பாடு செய்தான். நல்ல மனிதர், அலுத்துக்கொள்ளாத குரல். போனில் மேல் பாதி டாக்டர், கீழ்ப் பாதி அண்ணன். நான் போனைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு எத்தனை பசங்கம்மா?" என்றார் டாக்டர்.

அம்மா அவரையே பார்த்தாள்.

"சரி, பரவாயில்ல. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு" என்றாள் அம்மா.

"ரெண்டு என்னம்மா? இட்லியா?"

பதில் இல்லை. டாக்டர் சிரித்த முகமாகவே அடுத்ததைக் கேட்டார். "இப்ப காலையா, சாயங்காலமாம்மா?"

"இட்லி."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டாக்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "கேக்கறது ஒண்ணு, வர்றது ஒண்ணா இருக்கு. பேச்சு மட்டும் இல்ல, புரிஞ்சுக்கறதுலயும் பிரச்சினை இருக்கும்னு தோணுது."

"லைன் லேட்டாகுது டாக்டர்" என்று குறுக்கே விழுந்தேன். "நீங்க கேக்கறது இங்க வந்து சேர்றதுக்குள்ள..."

"எனக்கு நல்லாதானே கேக்குது" என்றான் அண்ணன். "எதுக்கெடுத்தாலும் லைன் மேல பழி போடாத. உன் கம்பெனி லைன்தானே அது?"

டாக்டர் எங்களைச் சண்டை போட விடவில்லை. மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை பார்ப்போம் என்றார். அப்போதும் இப்படியே இருந்தால் பேச்சுப் பயிற்சி தொடர்வதில் பெரிய பலன் இருக்காது, அம்மாவைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வதைப் பற்றி மட்டும் யோசியுங்கள் என்றார். பாதுகாப்பு என்றதும் அண்ணன் தலையை ஆட்டினான்.

போனை வைத்ததும் முதல் வேலையாக எங்கள் வீட்டு லைனைச் சோதித்துப் பார்த்தேன். வேங்கிக்காலிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பப் பத்துப் பதினைந்து மில்லி செகண்டுகூட ஆகவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் பல தடவை போய் வந்துவிடலாம். லைன் சுத்தமாக இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். குற்றம் சொல்ல ஒரு கம்பிகூட மிச்சம் இல்லை.

அதற்குள் தீபத் திருவிழா வந்துவிட்டது. பெரிய தேர் மாட வீதி சுற்றி வரும் என்பதால் வீதிக்குக் குறுக்கே போகிற ஒயர் எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் தேருக்கு முன்னால் அவிழ்த்துவிட்டு, தேர் நிலைக்கு வந்த பிறகு மறுபடியும் கட்டுவோம். கீழ்பென்னாத்தூர் பக்கம் போகிற எங்கள் முக்கியமான ஃபைபர் மாட வீதியைத் தாண்டித்தான் போகிறது. இந்தத் தடவை முதலாளிக்கு ஒரு யோசனை. அவிழ்ப்பானேன், கட்டுவானேன், கிரிவலப் பாதையில் நமக்கு ஃபைபர் கிடக்கிறது, மலையைச் சுற்றிக்கொண்டு வேங்கிக்கால் வழியாகப் போய்விடட்டும், தேர் முடிந்தாலும் அப்படியே இருக்கட்டும் என்றார்.

"சுத்திக்கிட்டுப் போனா லைனுக்கும் புண்ணியம்தானே" என்றார் ஃபைபர் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். ஒருத்தருக்கும் தூரம் என்கிற எண்ணமே வரவில்லை. வெளியூர்க்காரனாக இருந்தால் மேப்பைப் பார்த்துக் கிலோமீட்டரைக் கூட்டியிருப்பான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பேசிக்கொண்டே வெறுங்காலோடு சுற்றி வருகிற ஊரில் மலையைச் சுற்றுவது யார் கணக்கிலும் தூரமாக வராது. என் கணக்கிலும் வரவில்லை.

லைனை அப்படியே மாற்றினோம், தேரும் நல்லபடியாக ஓடியது. கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து போன் வர ஆரம்பித்தது. சிவப்பு லைட் எரியவில்லை, ஆனால் நெட் வரவில்லை. ஃபைபர் அறுந்தால் வீட்டு மோடத்தில் சிவப்பு எரிய வேண்டும். இங்கே பச்சை மினுக்கிக்கொண்டே இருக்கிறதாம், நிலையாக நிற்கவில்லையாம். ஃபைபர் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கூப்பிட்டார்.

"லைட்டு கொஞ்சம் கம்மிதான், ஆனா போதுமான அளவுக்கு வருதுங்க மேடம். எந்த ஜாயிண்ட்டும் கெட்டுப்போகல. மோடத்த மாத்திப் பாத்துட்டேன், புது மோடமும் அதே கததான்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பத்து தடவ பண்ணிட்டேன். இவங்களும் காலையிலிருந்து அதத்தான் பண்ணிட்டிருக்காங்க."

நானும் என் பங்குக்கு ஆபீசிலிருந்து அந்த மோடங்களை ரீசெட் செய்துகொண்டே இருந்தேன். இரண்டு நாள் போனது. முதலாளி கத்தினார், நான் ஃபைபர் அண்ணனைப் பார்த்துக் கத்தினேன், அவர் மேலே அண்ணாமலையாரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அமைதியாக உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. ஒரு ஃபைபரில் பல வீடுகள் தொங்குகின்றன. ஆபீஸ் மெஷின் பேசினால் எல்லா மோடத்துக்கும் கேட்கும். மோடங்கள் திரும்பிப் பேசும்போது மட்டும் முறை வைத்துப் பேச வேண்டும், இரண்டு சேர்ந்து பேசினால் இரண்டும் வீண். அதனால் புதிதாக ஒரு மோடம் உயிர் பெற்றதும் மெஷின் மற்றவர்களைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லிவிட்டு, நீ எங்கே இருக்கிறாய் என்று அதைக் கேட்கும். பதில் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறதோ அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடும். பக்கத்தில் இருப்பவனை ஜாஸ்தி பொறுக்கச் சொல்லும், தூரத்தில் இருப்பவனைக் கம்மியாகப் பொறுக்கச் சொல்லும். அப்படித்தான் எல்லோருடைய பதிலும் அதனதன் முறையில் வந்து விழுகிறது.

ஆனால் மெஷினும் ஒரு அளவுக்குத்தான் காத்திருக்கும். எங்கள் மெஷினில் அந்த அளவு இருபது கிலோமீட்டருக்கு வைத்திருந்தது, வாங்கி வந்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை. மலையைச் சுற்றிவிட்டதில் அந்த ஊர்கள் எல்லையைத் தாண்டிவிட்டன. கேள்வி போய்ச் சேர்ந்தது. மோடம் பதிலும் சொன்னது. அது வந்து சேர்வதற்குள் மெஷின் காதை மூடிக்கொண்டு அடுத்தவனிடம் போய்விட்டது. தாமதமாக வந்த பதில் அதன் கணக்கில் பதிலே இல்லை, வெறும் இரைச்சல். நாங்களோ பதில் வரவில்லை, வரவில்லை என்று மறுபடி மறுபடி ரீசெட் செய்து, பாதி வழி வந்துகொண்டிருந்ததையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்துக்கொண்டிருந்தோம்.

மெஷினில் காத்திருக்கும் எல்லையைத் தள்ளி வைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு ஊராகப் பச்சை நிலைத்தது. "மேடம், வந்துடுச்சு" என்று ஃபைபர் அண்ணன் கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது. இரண்டு நாள் முட்டாள்தனமாகக் கத்தியிருக்கிறோம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே வழக்கம்போல ஆரம்பித்தேன். "மாத்திர போட்டியாம்மா? அக்கா எத்தன மணிக்குப் போனாங்க?"

"போட்டேன்" என்றாள் அம்மா.

மற்ற நாளாக இருந்தால் மணி கேட்டால் மாத்திரையைச் சொல்கிறாளே என்று சலித்துக்கொண்டு அடுப்படிக்குப் போயிருப்பேன். அன்று கால் நின்றுவிட்டது. எதுவும் கேட்காமல் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அம்மாவின் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. தெருவில் ஒரு தண்ணீர் வண்டி வந்து நின்று போய்விட்டது. எனக்கு உள்ளே பரபரவென்றிருந்தது, வாயைக் கையால் மூடிக்கொண்டேன்.

"நாலு" என்றாள்.

அக்காவைப் போய்க் கேட்டேன். நாலு மணிக்குத்தான் கிளம்பினாராம். ஏன் கேக்கற, லேட்டா போயிருக்கணுமா என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டார். இல்லக்கா, இல்லக்கா என்று சொல்லிவிட்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

டாக்டரிடம் சொன்ன "ரெண்டு" பிள்ளைகளின் கணக்கு. இட்லி காலையில் சாப்பிட்டது. ரசம் மத்தியானச் சாப்பாடு. ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாம் வரிசையாகத்தான் வந்திருக்கிறது, நாங்கள்தான் ஒவ்வொன்றையும் அடுத்த கேள்விக்கு மாட்டி, அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறோம். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. அதோடு கூடவே இன்னொன்றும் உறைத்தது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் பேசியதெல்லாம் அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது. தெரியவா போகுது என்று அண்ணன் சொன்னதையும், அதற்கு நான் மறுத்து ஒன்றும் பேசாததையும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். கேட்டதைத் திரும்பக் கேட்பதில்லை. திரும்பக் கேட்டால் வாய் வரை வந்த வார்த்தை நழுவி, அம்மா முதலிலிருந்து தேட ஆரம்பித்துவிடுவாள். சொல்வதற்கு லேசாக இருக்கிறது. நம் ஜனங்களுக்கு எதிராளி சும்மா இருப்பது தாங்காது. அக்கா கேள்வியும் கேட்டு, பதிலையும் தானே சொல்லிவிடுவார். "பசிக்குதாம்மா? பசிக்கும், பசிக்கும், மணி ஆவுதில்ல" என்பார். அவரைப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "சரி, பாக்கலாம்" என்றான். நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. டாக்டர் சொன்ன நாளுக்கு நேரிலேயே வந்துவிட்டான், காரை எடுத்துக்கொண்டு, தனியாக. இல்லத்தில் இடம் பேசி வைத்திருக்கிறேன், டாக்டர் சொல்லிவிட்டால் இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று வாசலிலேயே சொன்னான். அம்மாவின் புடவைகளை நான் எடுத்து வைக்கவில்லை.

பதினோரு மணிக்கு டாக்டர் திரையில் வந்தார். அவர் வணக்கம் சொல்லி முடித்ததும் நான் முந்திக்கொண்டேன். "டாக்டர், ஒண்ணு கேட்டுட்டு, அம்மா சொல்ற வரைக்கும் அடுத்தத கேக்காம இருப்பீங்களா?"

"எவ்ளோ நேரம்மா?"

"அவங்க சொல்ற வரைக்கும் டாக்டர்."

ஒரு கணம் யோசித்தார். "சரி, இன்னைக்கு அப்படியே பண்ணுவோம்" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்க பேரு என்னம்மா?"

வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. அண்ணன் வாயைத் திறக்கப் போனான், நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். பாதியில் டாக்டரின் படம் அசையாமல் நின்றுவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது, அவர் கண் சிமிட்டியதைப் பார்த்து நிம்மதியானேன். அம்மா தன் பெயரைச் சொன்னாள்.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். காத்திருந்தார். ரெண்டு. பெரியவர் யார் என்று கேட்டார். அம்மா இடது கையைத் தூக்கி அண்ணனைக் காட்டினாள். இப்போது என்ன மாதம் என்று கேட்டார். இது ரொம்ப நேரம் எடுத்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "கார்த்தி" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "கை" என்று முடித்தாள்.

டாக்டர் முன்னால் நகர்ந்து வந்தார். "போன தடவ நான் அவசரப்பட்டுட்டேன்மா" என்று அம்மாவிடமே சொன்னார். பிறகு எங்களிடம், "நல்லா புரியுது இவங்களுக்கு. வார்த்தை வர்றதுக்குத்தான் நேரமாகுது. பயிற்சிய விடாதீங்க. இன்னொண்ணு, இவங்களப் பத்தி என்ன முடிவெடுத்தாலும் இவங்களக் கேட்டு எடுங்க" என்றார்.

போனை வைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அதை மறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் முகம் சிவந்திருந்தது. அழுகிறானோ என்று பார்த்தேன், அழத்தான் அழுதான். நாற்காலியை இழுத்து அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவள் சுரணை கம்மியான கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"அம்மா, என்கூட பெங்களூரு வர்றியா?" என்று கேட்டான்.

அவன் எந்த மனசோடு கேட்டான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் கேட்கச் சொன்னார், கேட்டான். அம்மா மாட்டேன் என்பாள், என் மகள்கூட இருக்கிறேன் என்பாள் என்று அவனும் நினைத்திருக்கலாம், நானும் அதைத்தான் நினைத்தேன். இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அவனும் இப்போது காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

"வரேன்" என்றாள் அம்மா.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மறைப்பானேன், அம்மா மேல்தான் கோபம். குளிக்க வைத்து, ஊட்டிவிட்டு, பேச்சுக்குப் போராடி வாங்கிக் கொடுத்தால், பேசிய பேச்சு இதுவா என்றிருந்தது. மறுபடியும் ஒரு தடவை கேள் என்று அண்ணனிடம் சொல்ல நாக்கு துடித்தது. திரும்பக் கேட்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்.

அம்மாவின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவள் சொல்லி முடிக்கவில்லை.

"வீட்டுக்கு" என்றாள். பிறகு ரொம்பப் பாடுபட்டு, "உன் வீட்டுக்கு."

நாங்கள் நேரில் இல்லம் என்ற வார்த்தையை அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை, ஸ்பீக்கரில் அவள் கேட்டதுதான். என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அவள் என்னை விட்டுப் போகிறாள் என்பதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. சொல்லுடா, சரின்னு சொல்லுடா என்று மனசுக்குள் அவனைப் பிடித்து உலுக்கினேன்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். "அது இல்லம்மா, வீட்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். அவனுக்கு ஸ்ட்ரோக் வரவில்லை. நடுவில் கம்பியும் இல்லை, மலையும் இல்லை. ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

அம்மா காத்திருந்தாள். டாக்டர் காத்திருந்ததைவிடப் பொறுமையாக, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். உதவிக்குப் போகலாமா என்று எனக்குத் தோன்றியது, போகவில்லை. அக்கா வீட்டுக் குக்கர் விசில் அடித்து அடங்கியது. அண்ணன் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா இடது கையைக் கொண்டுவந்து அவன் கையின் மேல் வைத்து இரண்டு தடவை தட்டினாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள்.

"கார்ல... வந்தா... தல... சுத்தும்."

காரிலோ வேனிலோ ஏறி அம்மாவுக்குத் தலை சுற்றி நான் பார்த்ததே இல்லை. அண்ணனுக்கும் அது தெரியும்.

"ஆமாம்மா" என்றான் அண்ணன், உடனே, அவள் வாயை மூடுவதற்குள். "உனக்கு காரு ஒத்துக்காது."